ஊரைத் தொடங்கியவர் யார்? - சென்னை நாளையொட்டி ஒரு சிந்தனை



ஆகஸ்ட் மாதம் பிறந்தால் சென்னைக்குப் பிறந்த நாள் வந்துவிடுகிறது. வரலாற்றாளர் எஸ். முத்தையா, பத்திரிகையாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோர் 2004இல் தொடங்கிய சிறு முயற்சி, இன்று நடைப்பயணங்கள், புகைப்படக் கண்காட்சிகள், பள்ளிப் போட்டிகள், உணவுத் திருவிழாக்கள் என்று வளர்ந்து நிற்கிறது. 1639 ஆகஸ்ட் 22 அன்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் வழங்கப்பட்டது என்பதே இந்நாளின் அடிப்படை. நல்லது, கொண்டாடட்டும்! தான் வாழும் ஊரை நேசிப்பது குறைவான பண்பு அல்ல.

மணவூரில் இருக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நம் இளைஞர்களில் எத்தனை பேர் விடியற்காலையில் அரக்கோணம் லோக்கலைப் பிடித்து, செஞ்சி பனம்பாக்கம், கடம்பத்தூர், திருவள்ளூர் என்று நின்று நின்று போய், இரவு விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிறார்கள்! இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. சென்னை நம்மிடமிருந்து ஆட்களையும் பாலையும் காய்கறியையும் எடுத்துக்கொண்டு சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஊர். ஆகவே அதை யார் தொடங்கினார் என்ற கேள்வி நமக்கும் உரியதே.

கேள்வியை எழுப்பியவர் நாம் அல்ல. மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமி நம்மிடம் வந்தாள். "ஃபாதர், ஸ்கூல்ல சென்னையைப் பத்தி கட்டுரைப் போட்டி. 'சென்னையை நிறுவியவர் பிரான்சிஸ் டே'ன்னு ஆரம்பிக்கச் சொன்னாங்க. வீட்ல சொன்னா தாத்தா திட்டுறாரு. 'அப்ப அங்க இருந்த மீன்காரங்க எல்லாம் யாரு, அவன் கப்பல்ல கூட்டிட்டு வந்தானா?'ன்னு கேக்குறாரு" என்றாள். தாத்தா இராயபுரத்தில் பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்து, இப்போது மகள் வீட்டோடு இங்கே இருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் உண்டா என்று பார்க்கலாம் வாருங்கள்.

முதலில் பிரான்சிஸ் டே. பழவேற்காட்டுக்கு வடக்கே ஆர்மகான் என்ற இடத்தில் கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. அதன் தலைவர் இவர். அங்கே வியாபாரம் சரியில்லை. நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடித் தெற்கே வந்தார். அன்று இப்பகுதி விஜயநகர வழிவந்த சந்திரகிரி அரசருக்கு உட்பட்டது. அவருக்குக் கீழே வந்தவாசியில் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரும், பூவிருந்தவல்லியில் அவர் தம்பி அய்யப்ப நாயக்கரும் ஆண்டார்கள். சாந்தோமில் போர்த்துக்கீசியர், பழவேற்காட்டில் டச்சுக்காரர். இரண்டுக்கும் நடுவே தங்களுக்கு வேண்டிய ஒருவரை உட்கார வைப்பது நாயக்கர்களுக்கும் இலாபமாகப் பட்டது. சுங்கத்தில் பாதி கிடைக்குமே! இந்தப் பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்திக் கொடுத்தவர் பேரி திம்மப்பா என்ற தெலுங்கு பேசும் துபாஷி. ஏறக்குறைய மூன்று மைல் நீளம், ஒரு மைல் அகலமுள்ள மணல் திட்டு கைமாறியது. 1640 பிப்ரவரியில் மசூலிப்பட்டினத்திலிருந்து டேயின் மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனும் வந்து சேர, கோட்டை வேலை தொடங்கியது. செலவு அதிகம் என்று கம்பெனி பின்னர் இவர்கள் மீதே சினந்தது. நிறுவியவர்கள் என்று இன்று போற்றப்படுகிறவர்கள், அன்று தங்கள் முதலாளிகளிடம் கணக்குக் காட்ட முடியாமல் திண்டாடியவர்கள் என்பதை நினைத்தால் சிறிது இரக்கம்கூட வருகிறது.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த ஆவணத்தின் படியில் ஜூலை 22 என்று இருக்கிறது. டே இங்கு வந்து சேர்ந்ததோ ஜூலை இறுதியில். ஆகவே அது ஆகஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கணித்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே ஆவணத்தில் நாயக்கர் இந்த இடத்தைத் தமது 'மதராசபட்டினம் துறைமுகம்' என்றே குறிப்பிடுகிறார். துறைமுகம்! ஆங்கிலேயர் வரும் முன்பே அங்கே துறை இருந்தது, பெயர் இருந்தது, மனிதர் இருந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் பென்னேசுவரமடத்தில் கிடைத்த 1367ஆம் ஆண்டைச் சேர்ந்த விஜயநகரக் கல்வெட்டு ஒன்றும் இப்பெயரைக் குறிப்பிடுவதாக ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். அதாவது டே வருவதற்கு 272 ஆண்டுகளுக்கு முன்பு. இன்று மாநகருக்குள் அடங்கிவிட்ட மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதனினும் எத்தனையோ நூற்றாண்டு பழையவை. தாத்தா தேர்வில் தேறிவிட்டார்.

பழைய கதை ஒன்றும் வழங்கிவருகிறது. கோட்டை கட்டத் தேர்ந்த இடத்தில் ஒரு வாழைத் தோட்டம் இருந்ததாம். அது அங்கிருந்த மீனவக் குப்பத்தின் தலைவருக்குச் சொந்தம். அவர் பெயர் மாதரேசன், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். தோட்டத்தைத் தர மறுத்தாராம். 'ஊருக்கு உன் பெயரையே வைக்கிறோம்' என்று சொல்லி இணங்க வைத்தார்களாம். இது கதை, இதற்குச் சான்றாவணம் கிடையாது. பெயர்க் காரணத்துக்குச் சாந்தோமில் வாழ்ந்த மாத்ரா என்ற போர்த்துக்கீசியக் குடும்பத்தைச் சுட்டுகிறவர்களும் உண்டு. நம்மவர் பெயர் வருகிறதே என்பதற்காக நாம் இதைப் பிடித்துக்கொண்டு மேடையேறுவது முறையாகாது. ஆனாலும் கதையை இத்தனை காலம் மக்கள் ஏன் சொல்லிவந்தார்கள்? தோட்டத்தை இழந்த ஒருவனுக்கு ஆவணத்தில் இடமில்லை என்பதால், கதையிலாவது இடம் கொடுத்தார்கள் போலும்.

நம் பக்கத்துத் திருவாலங்காட்டை நினைத்துக் கொள்ளுங்கள். இராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் உலகப் புகழ் பெற்றவை. பழையனூர் என்ற ஊர் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டதை அவை பதிவு செய்கின்றன. சோழர் செப்பேடுகளில் நிலம் கொடுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. பெண் யானையை நடத்தி எல்லை காட்டுவார்கள். அக்கம்பக்கத்து ஊரார் கூட நிற்பார்கள். குளமும் வாய்க்காலும் மரமும் எல்லையாகக் குறிக்கப்படும். அக்காலத்தில் அநீதி இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் நிலம் என்பது ஏற்கெனவே பலர் வாழும் இடம் என்ற உணர்வு அந்த ஏட்டில் தெரிகிறது. 1639இன் தாளில் நாயக்கரும் கம்பெனியும் மட்டுமே தெரிகிறார்கள்.

பெயர் வைக்கும் ஆசை யாரைத்தான் விட்டது? அய்யப்ப நாயக்கர் தம் தந்தை சென்னப்ப நாயக்கரின் பெயரை வைக்க விரும்பினார். சென்னப்பட்டினம் வந்தது. 1645இல் கம்பெனியின் உரிமையை உறுதி செய்த அரசர் ஸ்ரீரங்கராயர், தம் பெயரால் 'ஸ்ரீரங்கராயபட்டினம்' என்று எழுதினார். அரசரின் பெயர் ஒட்டவே இல்லை! ஆங்கிலேயர் 'மெட்ராஸ்' என்றார்கள். 1996இல் அரசு 'சென்னை' என்று ஆக்கியது. விவிலியத்தில் முதன்முதலாக நகர் கட்டியவன் யார் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? காயின்! தன் தம்பியைக் கொன்றவன், நகரைக் கட்டித் தன் மகன் ஏனோக்கின் பெயரை வைத்தான் (தொடக்கநூல் 4:17). புனித அகுஸ்தினார் இந்த இடத்தில் நின்று, உரோமையைத் தொடங்கிய ரோமுலுசும் உடன்பிறந்தானைக் கொன்றவன்தானே என்று ஒப்பிடுகிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது தொலைதூரத்துச் செய்தியாகத் தோன்றியது. ஊர்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அவர் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தார் என்பது புரிகிறது.

அப்படியானால் டேயைப் பற்றிப் பேசவே கூடாதா? அதுவும் சரியன்று. கோட்டை எழும்பியதும் ஊர் உண்மையிலேயே பெருகியது. உண்ணும், குடிக்கும், உடுத்தும் பொருட்களுக்கு முப்பது ஆண்டு வரி கிடையாது என்று அறிவித்தார்கள். நெசவாளர்கள் வந்தார்கள், சாயம் தோய்ப்பவர்கள், வண்ணார்கள், வணிகர்கள், ஆர்மீனியர்கள் வந்தார்கள். துறைமுகச் சுவர் எதுவும் இல்லாத கடற்கரை அது. ஆளையும் பொருளையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது யார்? கட்டுமரக்காரர்களும் மசூலாப் படகோட்டிகளும்தான். 1870களில் துறைமுகப் பணி தொடங்கும் வரை, ஏறக்குறைய 230 ஆண்டுகள், இந்த நகரத்துக்கு வந்த ஆளுநர் முதல் அஞ்சல் பை வரை எல்லாம் அவர்கள் கையால்தான் கரை இறங்கின. இராயபுரம் என்ற பெயரே இராயப்பரை, அதாவது மீனவரான புனித பேதுருவை நினைவூட்டுவது. அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் கத்தோலிக்கப் படகோட்டிகளின் ஆலயம். நமது சிறுமியின் தாத்தா அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். நகரத்தை நிறுவியவர் பட்டியலில் அவருடைய முன்னோர்களைச் சேர்க்க யாரிடம் மனு கொடுப்பது?

சேர்த்துச் சொல்ல வேண்டிய இருளும் உண்டு. 1646-47 பஞ்சத்தில் இக்கரையில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். பசிக்குத் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் கப்பலேறினார்கள். அந்நூற்றாண்டில் சென்னையிலிருந்து அடிமைகள் அனுப்பப்பட்டார்கள் என்பது கம்பெனியின் சொந்த ஏடுகளிலேயே இருக்கிறது. கறுப்பர் நகரம் என்று தனியே ஒதுக்கினார்கள். வலங்கை, இடங்கை என்று நம்மவர்கள் தெருவில் மோதிக்கொண்டார்கள். நாகபட்டரும் பேரி திம்மப்பாவும் பேணிய சென்னகேசவப் பெருமாள் கோயிலை 1757இல் பாதுகாப்புக் காரணம் சொல்லி இடித்தார்கள்; பின்னர் வேறிடத்தில் கட்டப்பட்டது. பழைய கோயில் நின்ற இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் இருக்கிறது.

திருச்சபையும் இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. 1642இல் பர்மாவின் பெகு நாட்டுக்குப் புறப்பட்ட எஃப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சு கப்புச்சின் துறவி வழியில் சென்னை வந்தார். இங்கிருந்த கத்தோலிக்கர்களுக்குக் குரு தேவை. ஆங்கிலேயரே அவரை இருக்கச் சொன்னார்கள். ஆலயம் எழுப்பினார், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், பல மொழிகள் பேசினார். அர்மீனியன் தெருவிலுள்ள புனித மரியன்னை இணைப் பேராலயத்தின் வேர் இந்தக் கப்புச்சின் பணியில் இருக்கிறது. சாந்தோமிலிருந்த போர்த்துக்கீசியருக்கு இது பொறுக்கவில்லை. தங்கள் உரிமை எல்லைக்குள் வேறு நாட்டுக் குருவா? 1649இல் அவரைச் சூழ்ச்சியாகப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பி, சமய விசாரணை மன்றத்தின் சிறையில் அடைத்தார்கள். கத்தோலிக்கர் கத்தோலிக்கருக்குச் செய்தது இது! விடுதலை பெற்ற பின் அவர் சென்னைக்கே திரும்பி, தம் நீண்ட ஆயுளின் இறுதிவரை இங்கேயே உழைத்தார். சென்னை நாள் நடைப்பயணங்களில் கோட்டையையும் கலங்கரை விளக்கத்தையும் காட்டுகிறவர்கள், இந்த மனிதரைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேசலாம். நாம் பேசுவதானால் சிறைப் பகுதியையும் மறைக்காமல் பேசவேண்டும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் 1690 ஆகஸ்ட் 24 அன்று கரை இறங்கினார் என்று சொல்லி, அந்நாளை நகரின் பிறந்த நாளாகவும் அவரை நிறுவனராகவும் பாடப் புத்தகங்கள் வரை எழுதிவந்தார்கள். சுதானுதி, கோவிந்தபூர், கலிகாதா ஆகிய மூன்று ஊர்களின் உரிமை பெற்றிருந்த சாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தினர் நீதிமன்றம் சென்றார்கள். வரலாற்றறிஞர்கள் குழு ஆராய்ந்தது. 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், சார்னாக் நிறுவனர் அல்ல, அந்த நகருக்குப் பிறந்த நாள் என்று ஒன்றும் கிடையாது என்ற முடிவை ஏற்றது. துணிச்சலான தீர்ப்பு. ஆனால் நமக்கு ஒரு சிறு நெருடல்: வெள்ளைக்காரரின் பெயரை அகற்றியபின் ஜமீன் குடும்பத்தின் பெயர் மட்டும் மேலே வந்தால், அந்த மூன்று ஊர்களின் உழவருக்கும் நெசவாளருக்கும் என்ன கிடைத்தது?

சிங்கப்பூர் வேறொரு வழி கண்டது. 1819இல் ராஃபிள்ஸ் வந்து இருநூறு ஆண்டு நிறைவை 2019இல் நினைவுகூர்ந்தார்கள். ஆற்றங்கரையிலுள்ள அவருடைய வெள்ளைச் சிலைக்குப் பின்னணிக் கட்டடத்தின் நிறத்தையே பூசி, முன்னால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு மறைந்துபோகும்படி செய்தார்கள். சில நாட்களில் சிலை மீண்டும் தெரிந்தது. ஆனால் அருகில் இன்னும் நான்கு சிலைகள் தற்காலிகமாக நின்றன: மலாய் மரபு கூறும் இளவரசர் சாங் நீல உத்தமா, சீனப் பெருவணிகர் டான் டொக் செங், முன்ஷி அப்துல்லா, நம் தமிழர் நாராயண பிள்ளை. ராஃபிள்ஸின் கப்பலிலேயே பினாங்கிலிருந்து 1819 மே மாதம் வந்தவர் பிள்ளை. செங்கல் சூளை வைத்து வீடுகளுக்குக் கல் கொடுத்தார். கடை எரிந்து நொடித்தும் எழுந்தார். 1827இல் மாரியம்மன் கோயில் எழுப்பினார். ராஃபிள்ஸை உடைக்கவும் இல்லை, தனியே நிற்கவிடவும் இல்லை. நமக்கு இது பிடித்திருக்கிறது. நம்மூரில் 1927இல் மவுண்ட் ரோட்டில் இருந்த கொடியவர் நீலின் சிலையை அகற்ற இளைஞர்கள் அடிபட்டுச் சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி அரசு அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அது அவசியமாக இருந்தது. 1857இல் நீல் செய்த படுகொலைகளை நடுத்தெருவில் நிறுத்திக் கொண்டாட முடியாது. வியாபாரியான டே அந்த வகை அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

நாள் குறிப்பதில் எல்லைப்புற மக்களாகிய நமக்குத் தனி அனுபவம் உண்டு. தமிழ்நாடு நாள் நவம்பர் 1ஆ, ஜூலை 18ஆ என்று அண்மையில் விவாதம் நடந்தது நினைவிருக்கும். மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1ஐ 2019இல் அன்றைய அரசு ஏற்றது. 'தமிழ்நாடு' என்ற பெயர் சட்டமன்றத்தில் நிறைவேறிய 1967 ஜூலை 18ஐ 2021இல் இன்றைய முறையாக அறிவித்தார்கள். இரண்டு பக்கமும் சூடாகப் பேசினார்கள். 1956 நவம்பர் 1 அன்று திருத்தணி எங்கே இருந்தது என்று கேட்டவர் குறைவு. ஆந்திராவில்! சித்தூர் மாவட்டத்தோடு 1953இல் அங்கே போய், ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. அதே கணக்கில் சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. 'மதராஸ் மனதே' என்று தெலுங்கு மக்கள் கேட்டதை அன்று நாம் பகைச் சொல்லாகக் கேட்டோம். நிலம் கொடுத்த நாயக்கரும் தெலுங்கர், பேசி முடித்த துபாஷியும் தெலுங்கர், குப்பத்து மீனவர் தமிழர் என்பதை இன்று அமைதியாக ஒத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் இரண்டு மொழியும் கலந்து புழங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது.

உண்மையான உரசல் பழைய ஆவணத்தில் இல்லை. இன்றைய தெருவில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில், நொச்சிக்குப்பத்தை ஒட்டிய மீன் கடைகளைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றினார்கள். மீனவப் பெண்கள் கூடைகளுடன் சாலையில் உட்கார்ந்தார்கள். 'சாலை வருவதற்கு முன்பே நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்பதுதான் அவர்களுடைய வாதம். 2024இல் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. அது ஓர் ஆறுதல். கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டு நகரத்தைக் கட்டியவர்கள், பெருக்கியவர்கள், வீட்டுவேலை செய்தவர்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் அது இன்னும் வேகமெடுத்தது. வெள்ள அபாயத்திலிருந்து காப்பது என்ற காரணம் பொய்யல்ல. ஆனால் பிள்ளையின் பள்ளி ஓரிடத்தில், தாயின் வேலை இருபது கிலோமீட்டர் தள்ளி என்றால் அந்தக் குடும்பம் எப்படி நிற்கும்? ஆகஸ்டு மாத நடைப்பயணம் ஒன்று பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கும் போகட்டுமே. 1639இல் குப்பத்து மக்களைக் கேட்காமல் எழுதினார்கள் என்று குறை சொல்கிறோம். கேட்காமல் எழுதுவது இன்னும் முடிந்துவிடவில்லை.

சிறுமியின் கட்டுரைக்கு வருவோம். 'சென்னையை நிறுவியவர் பிரான்சிஸ் டே' என்ற முதல் வரியை அவள் அடித்துவிடவில்லை. பள்ளியில் சொல்லித்தந்ததாயிற்றே! அதற்குக் கீழே, 'அவர் வந்தபோது அலையில் படகு ஓட்டி அவரைக் கரை சேர்த்தவர்கள் எங்கள் தாத்தாவின் ஆட்கள்' என்று எழுதியிருந்தாள். தாத்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒருமுறைக்கு இருமுறை படித்தார். "மசூலாப் படகுக்கு ஆணி கிடையாது, கயிறு போட்டுத்தான் தைப்பாங்க. அதையும் எழுதும்மா" என்றார்.

பரிசு கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தத் தாளைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினாள். ஓரத்தில் ஒரு படகு வரைந்து, தையலுக்குப் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டிருந்தது.